தண்ணீர் தொடாத ஆபீசர்

எடை, அளவு, மனசாட்சி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றையாவது இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற பொதுமக்கள் அனைவரும் கையிலிருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டிய செய்தி இது. மொத்தச் சந்தையின் தராசுகளுக்கும் முத்திரை வைக்கும் ஆய்வாளர், தமது இருபத்தைந்து ஆண்டுக்கால அரசுப் பணியில், எந்த வியாபாரியின் கையிலிருந்தும் ஒரு கிளாஸ் தேநீரோ ஒரு வாய்த் தண்ணீரோ வாங்கிக் குடித்ததில்லை. மானுட குலம் கண்டிராத இந்தத் தியாகத்தைப் போற்றும் பொருட்டு, சந்தை வியாபாரிகள் சங்கம் அவருக்கு வெள்ளியில் ஒரு தராசு செய்து வழங்கத் தீர்மானித்திருக்கிறது. விழாவுக்கு இன்னும் பதினெட்டு நாள்.

இந்தச் செய்தியைச் சுமந்த நோட்டீஸ் வீட்டுக்கு வந்தபோது ஆய்வாளரின் மனைவி முன்னறையில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். பள்ளி திறக்கப் போகிற நேரம். சுவரோரம் நீலக் கால்சட்டைகள் இடுப்புயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. நோட்டீஸை ஒரு முறை முழுக்கப் படித்தாள். பிறகு அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் காலருக்கு அளவுத் தாளாக வெட்டிக்கொண்டாள். தாள் நல்ல கெட்டி.

அவளுக்கு விஷயம் தெரியும். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து, அதாவது இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். மாமியார் போன பிறகு உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆபீசர் தண்ணீர் குடிக்கிற காட்சியை இன்னொருவர் பார்த்ததில்லை. அதற்கென்று ஒரு முறை இருந்தது. சமையலறைக் கதவைத் தாழ் போடுவார். முக்காலியில் உட்கார்ந்து மோவாயை நெஞ்சில் புதைத்துக்கொள்வார். கழுத்தை இடது பக்கம் திருப்பி, சுவரில் தொங்குகிற முறத்தைப் பார்த்தபடி, ஒரு ஸ்பூன் தண்ணீரை உள்ளே விடுவார். உடனே அதன்மேல் ஒரு துண்டு ரொட்டி. இவ்வளவு பக்குவமாகச் செய்தும் மூன்றில் ஒரு தடவை ஏமாற்றிவிடும். அப்போது வருகிற இருமலில் அலமாரியில் இருக்கும் பாத்திரங்கள் இடம் மாறும். கண் சிவந்து, நுரை தள்ளி, மூச்சு வாங்கி, கடைசியில் முகத்தைத் துடைத்துச் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடி ஆபீசராகி வெளியே வருவார்.

அதனால் அந்த வீட்டில் எல்லாமே கெட்டி. பருப்பில் கரண்டியை நட்டால் நிற்கும். சூப் என்பது கெட்ட வார்த்தை. சாயங்காலம் ஆனால் ஆபீசரின் வயிறு தம்பட்டம் மாதிரி உப்பிவிடும். ஏப்பம் ஏப்பமாக விடுவார். வெயிலில் நிற்பதால் என்று விளக்கம் சொல்வார். அவள் தினமும் அவருடைய சட்டையில் நான்காவது பட்டனைத் திரும்பத் தைப்பாள்.

புகழ் வந்த கதை ரொம்பச் சின்னது. வேலையில் சேர்ந்த முதல் வாரம், ஒரு அரிசிக் கடைக்காரர் தண்ணீர் நீட்டினார். அறிமுகமில்லாதவர் முன்னால் இருமி மானம் போய்விடுமோ என்று பயந்து, இவர் உள்ளங்கையை உயர்த்தி, வேலை நேரத்தில் வாங்குவதில்லை என்றார். கடைக்காரர் வாயைப் பிளந்துவிட்டார். அடுத்த கடைக்குப் போய்ச் சொன்னார். இவர் தெருமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் பெருமை அங்கே போய்க் காத்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தேடிப் போகவில்லை. அதுவே வந்து தோளில் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்ததை இறங்கச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை.

நாளடைவில் அதுவே சந்தையின் சம்பிரதாயம் ஆயிற்று. எந்தக் கடையில் சோதனை என்றாலும் முதலில் ஒரு கிளாஸ் தேநீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பார்கள், அவர் மறுப்பதற்காக. அவர் கையை உயர்த்துவார். கூடியிருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். மறுத்த தேநீர், எடைக்கல் பெட்டியைச் சுமந்துவருகிற பெட்டிக்காரருக்குப் போகும். நாளொன்றுக்கு இருபது கிளாஸ். பெட்டிக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்தது முழுக்க முழுக்கப் பொதுச்சேவையில்தான்.

நோட்டீஸ் வந்த மூன்றாம் நாள் ஆபீசருக்குக் காய்ச்சல் அடித்தது. அந்த வருஷத்தில் மூன்றாவது.

முதல் இரண்டு தடவையும் பார்த்த டாக்டர்கள் நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். அது ஏன் கட்டுகிறது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. ஒருவர் காசநோயோ என்று மூன்று தடவை சோதித்துப் பார்த்து ஏமாந்துபோனார். ஒருவர் உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். ஒருவர் சிகரெட்டை நிறுத்தச் சொன்னார், இவர் பிடிப்பதில்லை. வீட்டில் புறா வளர்க்கிறீர்களா என்று ஒருவர் கேட்டார், அதுவும் இல்லை. புறாவையாவது வளர்த்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை பெரிய ஆஸ்பத்திரி. நீளமான வார்டு, இருபது கட்டில், ஜன்னல் கம்பியில் காயும் துண்டுகள். காலையில் ஒரு சின்ன டாக்டர் வந்தாள். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். நடக்கும்போது செருப்பு கீச்கீச்சென்றது. முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வலது பக்கம் கீழே சத்தம் சரியில்லை என்றாள். பிறகு, சாப்பிடும்போதோ குடிக்கும்போதோ இருமல் வருகிறதா என்று கேட்டாள்.

ஆபீசர் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் வெளியில யார்கிட்டயும் ஒரு வாய்த் தண்ணி வாங்கறதில்லை டாக்டர். இருபத்தஞ்சு வருஷம்."

"நான் அதைக் கேக்கலை சார்."

"நீங்க எதைக் கேட்டாலும் அதுக்கு அதான் பதில்."

பக்கத்துக் கட்டில்காரர் நோட்டீஸ் படித்தவர் போலிருக்கிறது. படுத்தபடியே கும்பிட்டார். டாக்டர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மனைவி பிளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கல்யாணமான ஆறாம் நாள் சமையலறையில் வைத்து அவர் வாங்கிய சத்தியம் ஒன்று இருக்கிறது. அதை அவள் சொந்த அம்மாவிடம்கூட மீறியதில்லை. ஆனால் நேற்று ராத்திரி முழுக்க அவர் மூச்சு விட்ட சத்தத்தைக் கேட்டவள் அவள். கிழிந்த துணியை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். டாக்டரின் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியதும் பின்னாலேயே ஓடினாள்.

"டாக்டரம்மா, அவர் தண்ணி குடிச்சா இருமுவார்."

டாக்டர் நின்றாள். "எப்பலேருந்து?"

"பொறந்ததுலேருந்தாம். மாமியார் சொல்லியிருக்காங்க. பால் குடுத்தா நீலமாப் போயிடுவாராம். மாவு கலந்து கெட்டியாக்கித்தான் வளத்தாங்களாம்."

"ரொட்டி, சோறு?"

"ஒண்ணும் ஆகாது. ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவார்."

"வயிறு உப்புமா?"

"சட்டை பட்டனை நான்தானே தினம் தைக்கிறேன்."

டாக்டர் கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள். அது நழுவிக் கீழே விழுந்து உருண்டது, எடுக்கக் குனியவில்லை. முகம் பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்தவள் மாதிரி ஆகிவிட்டது.

"இவ்வளவு நாளா இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை?"

"யாரும் என்னைக் கேக்கலையே."

இரண்டு பேரும் கட்டிலுக்குத் திரும்பினார்கள். டாக்டர் ஒரு டம்ளரில் கால்வாசி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஆபீசரின் உள்ளங்கை தானாக உயர்ந்தது. இது ஆஸ்பத்திரித் தண்ணீர், அரசாங்கச் சொத்து, நோயாளி என்ற முறையில் எடுத்துக்கொள்ள விதியில் இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

"குடிங்க," என்றாள் மனைவி. "சொல்லிட்டேன்."

தன் பெட்டகத்தை யாரோ திறந்துபோட்டுவிட்டதைக் கண்ட வீட்டுக்காரரைப் போல் அவர் அவளைப் பார்த்தார். பிறகு டம்ளரை வாங்கி, மோவாயை நெஞ்சில் புதைத்து, இடது பக்கம் திரும்பினார். டாக்டர் அவருடைய தலையைப் பிடித்து நேராக வைத்தாள். ஒரு மிடறுதான் போயிற்று. அந்த இருமலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. கும்பிட்டவர் கையைப் பிரித்துக்கொண்டார்.

காய்ச்சல் அட்டையின் பின்பக்கத்தில் டாக்டர் படம் போட்டுக் காட்டினாள். முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். ஒரு ஏணியின் இரண்டு கால் மாதிரி. கருவில் ஒன்றாக ஆரம்பித்துப் பிறகு பிரிகிற குழாய்கள். பிரியும்போது ஓரிடத்தில் சரியாகப் பிரியாமல் குட்டிப் பாதை ஒன்று நின்றுவிட்டால், ஏணியில் ஒரே ஒரு படி சாய்வாக மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கெட்டிச் சாப்பாடு அந்த ஓட்டையைத் தாண்டிப் போய்விடும். தண்ணீர் அதில் நுழைந்து நுரையீரலில் இறங்கிவிடும். இருமும்போது காற்று அதே வழியாக எதிர்ப்பக்கம் போய் வயிற்றை நிரப்பும். இப்படிப் பிறக்கிற குழந்தைகளைச் சின்ன வயசிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஐம்பதை நெருங்கும்வரை ஓட்டையோடு உத்தியோகம் பார்த்தவரை நான் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்றாள். ஆனால் இது வெறும் ஊகம், கண்ணால் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

காய்ச்சல் தணிந்து இரண்டு நாள் கழித்து எக்ஸ்ரே அறைக்கு அழைத்துப் போனார்கள். நிற்க வைத்து, வெள்ளை மருந்து ஒன்றைக் குடிக்கச் சொல்லி, அது இறங்குவதைத் திரையில் பார்க்கிற சோதனை. எக்ஸ்ரேக்காரர் அந்த அறையில் பத்தொன்பது வருஷமாக இருப்பவர். இதைச் சொல்லாமல் அவர் எந்த வேலையையும் தொடங்குவதில்லை. ஆபீசர் குடித்தார். மருந்து வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு தடவை. அதேதான். இரண்டு குழாயும் சுத்தம், சின்ன டாக்டர் புத்தகம் அதிகம் படிக்கிறாள் என்று எக்ஸ்ரேக்காரர் தீர்ப்புச் சொன்னார்.

ஆபீசர் வெற்றியோடு வெளியே வந்தார். மனைவியைப் பார்த்து, எனக்கு ஒன்றுமில்லை, கொள்கைதான் இருக்கிறது என்றார். சின்ன டாக்டர் முகம் வாடி நின்றாள். பத்துப் படம் எடுத்தாயிற்று, ஒன்றிலும் இல்லை.

மனைவி அந்தப் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எலும்பும் நிழலும் அவளுக்குப் புரியவில்லை. ஆனால் அளவெடுத்துப் பழகிய கண்; கழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

"அவர் இடது பக்கம் திரும்பிக்கிட்டுல்ல குடிச்சிருக்கார்?"

டாக்டர் படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். பத்துப் படத்திலும் மோவாய் நெஞ்சில், முகம் இடதில். நாற்பத்தெட்டு வருஷமாகத் தேர்ச்சி பெற்ற வித்தையைக் காட்டி ஆபீசர் எக்ஸ்ரே இயந்திரத்தையே ஏமாற்றியிருந்தார். அவரைக் கேட்டால், பத்துப் பேர் பார்க்க இருமச் சொல்கிறீர்களா என்றார்.

மறுநாள் வித்தைக்கு இடமே கொடுக்கவில்லை. குப்புறப் படுக்க வைத்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய ரப்பர் குழாயை உணவுக்குழாயின் அடிவரை இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்துக்கொண்டே அதன் வழியாக மருந்தைச் செலுத்தினாள் டாக்டர். மனைவி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாள். திரையில் ஒரு வெள்ளைப் பட்டை கீழிருந்து வளர்ந்துகொண்டே வந்தது. நெஞ்சுக்கூடு தாண்டியது. ஒன்றுமில்லை. கழுத்துக்கு வந்தது. எக்ஸ்ரேக்காரர் கொட்டாவி விட வாயைத் திறந்தார்.

அப்போது பட்டையின் முன்பக்கத்திலிருந்து நூலிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு கிளம்பி, சாய்வாக மேலே ஏறி, மூச்சுக்குழாயில் போய்ச் சொட்டியது.

"அதோ," என்றார் எக்ஸ்ரேக்காரர். திறந்த வாயை மூடவில்லை. பத்தொன்பது வருஷத்தைப் பற்றி அன்றைக்கு அவர் பேசவில்லை.

டாக்டர் கையில் ஊசிக் குழலோடு அப்படியே இரண்டு தடவை குதித்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தையற்காரியும் குதித்தாள். ஏன் குதிக்கிறோம் என்று பிறகுதான் யோசித்தாள். புருஷன் கழுத்தில் ஓட்டை. இதில் என்ன கொண்டாட்டம். ஆனால் இத்தனை வருஷமாக அவள் கதவைத் தாழிட்டு மறைத்து வைத்திருந்த பேய்க்கு நூலளவு உடம்பு இருக்கிறது, தைத்து மூடலாம் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரியே தடபுடலாகிவிட்டது. அறுவை செய்கிற பெரிய டாக்டர் நேரில் வந்தார். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் கேமராவை விட்டு, உணவுக்குழாயில் நீலச் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றினார்கள். மூச்சுக்குழாயின் பின்சுவரில் ஒரு நீலப் பொட்டு துளிர்த்தது. மாணவர்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பேர் இரண்டாம் தடவையும் வரிசையில் நின்றார்கள்.

ஆபீசருக்கு இது பிடித்துப்போய்விட்டது. தாம் அபூர்வமானவர் என்பதில் அவருக்கு எப்போதுமே சந்தேகம் இருந்ததில்லை. இப்போது படமும் கிடைத்துவிட்டது. மருத்துவப் பத்திரிகையில் எழுதுவீர்களா, எழுதினால் பதவியைச் சரியாகப் போடுங்கள், முதுநிலை ஆய்வாளர் என்று கேட்டுக்கொண்டார். பெரிய டாக்டர், நோயாளி யாரென்று போட மாட்டோம் என்றதும் முகம் விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவே நல்லதென்று தோன்றியிருக்க வேண்டும், தெளிந்துவிட்டார்.

சிக்கல் தேதியில் வந்தது. நுரையீரல் இப்போது சுத்தமாக இருக்கிறது, ஆறாம் நாள் அறுவை என்றார் பெரிய டாக்டர். அறுவைக்கு மூன்றாம் நாள் விழா. கழுத்தில் கட்டோடு மேடையேறினால் எதற்கென்று கேட்பார்கள். விழா முடிந்து வருகிறேன் என்றார் ஆபீசர். பெரிய டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார்: வலது நுரையீரலின் அடிப்பகுதி ஏற்கெனவே கெட்டுக்கொண்டு வருகிறது, இன்னொரு காய்ச்சல் வந்தால் அதையும் வெட்டியெடுக்க நேரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம், அந்தக் காய்ச்சல் விழாத் தேதியைக் கேட்டுக்கொண்டு வராது. ஆபீசர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் முன்னறையில் கால்சட்டை அடுக்குகளுக்கு நடுவே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை பிடித்திருந்தது.

"சந்தையில என் பேர் என்ன?" என்றார் அவர்.

"தண்ணி தொடாத ஆபீசர்."

"ஓட்டை தெரிஞ்சா?"

அவள் ஊசியில் நூல் கோத்தாள். "இருமல் ஆபீசர்னு சொல்வாங்க. ஒரு வாரம் சொல்வாங்க. அப்புறம் வேற ஆள் கெடச்சிடுவான்."

"நான் ஒரு நாளும் பொய் சொல்லலை இந்தா. வேண்டாம்னேன். அவ்வளவுதான். மீதியெல்லாம் அவங்களே சொல்லிக்கிட்டது."

"அந்த மீதிக்காகச் சாகப் போறீங்களா?"

அவர் எழுந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு வெள்ளித் தராசில், ஒரு தட்டில் அந்தப் பேரையும் இன்னொரு தட்டில் தன்னையும் வைத்துப் பார்த்தாள். எந்தத் தட்டு இறங்குகிறது என்று நின்று பார்க்க அவள் தயாராக இல்லை.

மறுநாள் காலை மழையிலேயே சங்கத் தலைவரின் வெங்காயக் கிடங்குக்குப் போனாள். உத்தரம்வரை சாக்குகள். காலடியில் சருகு சருகாகத் தோல். ஈரத்தில் வெங்காய வாடை கண்ணைக் கரித்தது. தலைவர் வாட்டசாட்டமானவர், சாதாரணமாகப் பேசினாலும் மைக்கில் பேசுவது போலிருக்கும். ஆபீசரின் இல்லத்தரசியே நேரில் எழுந்தருளியதற்கு நன்றி என்று தொடங்கினார். அவள் குடையை மடக்கிவிட்டு நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

தலைவர் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஆபீசர் பயந்த அளவுக்கு அவர் கோபப்படவில்லை. ஆபீசரைவிட அதிகமாகப் பயந்தார். அவருக்குப் பின்னால் கடைப் பலகை தெரிந்தது: தண்ணீர் தொடாத ஆபீசர் சோதித்த தராசு. சந்தையில் பாதிப் பேர் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். போன மாதம்தான் பைகளிலும் அச்சடித்திருந்தார்கள், உள்ளங்கைப் படத்தோடு.

"அம்மா, இதை நீங்க சொல்லலை. நான் கேக்கலை," என்றார் தலைவர், முதல் தடவையாகத் தாழ்ந்த குரலில்.

அவள் தேதியை மட்டும் மாற்றச் சொன்னாள். தலைவர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது கண் மின்னியது. ஆடம்பர விழா தமக்கு ஒவ்வாது என்று ஆபீசரே மறுத்துவிட்டார், சங்கம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஒரு மாதம் தள்ளிச் சம்மதிக்க வைத்திருக்கிறது. எப்படி இருக்கிறது என்று கேட்டார். எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், தள்ளிவைத்தால் போதும் என்று குடையை விரித்தாள்.

மத்தியானத்துக்குள் அறிவிப்பு சந்தை முழுக்க ஒட்டப்பட்டுவிட்டது. தாம் விழாவை மறுத்த சேதியை ஆபீசர் வாசலில் போகிறவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். முதலில் திகைத்தார். சாயங்காலத்துக்குள், ஆடம்பரம் தமக்கு எப்போதுமே பிடிக்காது என்று மனைவியிடம் விளக்க ஆரம்பித்துவிட்டார். அவள் பையில் துண்டும் சோப்பும் எடுத்து வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

அறுவை மூன்று மணி நேரம். அவள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த சட்டைகளுக்குக் காஜா எடுத்தாள். இருபத்தாறு காஜா முடிந்தபோது பெரிய டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் வலது பக்கம் சின்னதாகத் திறந்தோம், பாதை தீக்குச்சி கனம் இருந்தது, நடுவில் வெட்டி இரண்டு பக்க வாயையும் தைத்துவிட்டோம் என்றார். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அது பத்திரம், ஒரு வாரம் குரல் கம்மியிருக்கும்.

"ஓட்டுத் தையலா, தனித்தனி முடிச்சா?" என்று கேட்டாள்.

பெரிய டாக்டர் கொஞ்சம் பின்வாங்கிப் பார்த்தார். "தனித்தனி முடிச்சுதாம்மா."

"அதான் சரி. ஓட்டிட்டா, ஒரு எடத்துல விட்டா மொத்தமும் பிரிஞ்சு வந்துடும். ரெண்டு தையலும் ஒண்ணோடொண்ணு உரசாதா?"

உரசி மறுபடி ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று கழுத்துத் தசையில் ஒரு துண்டை இழுத்து நடுவில் உள்துணி மாதிரி வைத்திருக்கிறோம் என்றார் அவர். இந்தக் கேள்வியை மாணவர்கள் யாரும் கேட்கவில்லை என்று சின்ன டாக்டரிடம் குறைப்பட்டுக்கொண்டே போனார்.

ஏழு நாள் மூக்குக் குழாயில் சாப்பாடு. எட்டாம் நாள் மறுபடி எக்ஸ்ரே. வெள்ளைப் பட்டை நேராக இறங்கியது, நூல் கிளம்பவில்லை. சின்ன டாக்டர் பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். கட்டிலைச் சுற்றி மாணவர்கள், நர்சுகள், எக்ஸ்ரேக்காரர். ஆபீசர் வழக்கம்போல் இடது பக்கம் திரும்பினார். நேராக வைத்துக்கொள்ளுங்கள் என்று மனைவி மோவாயைத் தூக்கி நிறுத்தினாள்.

ஒரு மிடறு.

எல்லாரும் காத்திருந்தார்கள். அவரும் கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தார். இன்னொரு மிடறு. பிறகு டம்ளரைக் கவிழ்த்துக் கடகடவென்று குடித்தார். நீட்டிய கழுத்தில் தொண்டை மணி ஏறி ஏறி இறங்கியது. அப்படிக் குடிக்கிற ஓர் ஆளை அவள் அந்த முகத்தில் பார்த்ததே இல்லை.

"சில்லுனு உள்ளே போகுது இந்தா," என்றார் கம்மிய குரலில். "போறது தெரியுது."

ஆறு டம்ளர் குடித்தார். போதும் சார் என்று டாக்டர் பிடுங்கிக்கொண்டாள். மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எக்ஸ்ரேக்காரர், யாரும் கேட்காமலேயே, தமக்கு முதல் நாளே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார்.

வீட்டில் சமையலறைக் கதவின் தாழை அவளே கழற்றிவிட்டாள். இரவுகளில் அந்தக் கிழிசல் சத்தம் இல்லை. பழச்சாறு, மோர், பால், சூப் என்று நாள்தோறும் ஒரு புதுத் தேசத்தைக் கண்டுபிடித்தவர் போல் ஆபீசர் வலம் வந்தார்.

விழா நடந்தது. கழுத்துத் தழும்பைக் காலர் மறைத்தது. மேடையில் வெள்ளித் தராசுக்குப் பக்கத்தில், சம்பிரதாயப்படி ஒரு கிளாஸ் தேநீர் வைத்திருந்தார்கள். ஒரு துளி தொடாத உதடு என்று தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். முடிவில் கூட்டம் மொத்தமும் அந்த உள்ளங்கையைப் பார்க்க எட்டிப் பார்த்தது. உள்ளங்கை உயர்ந்தது. பாதி வழியில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கிக் கிளாஸை எடுத்தது.

தலையை நேராக நிமிர்த்திக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

பெட்டிக்காரர், தமக்குரியது பறிபோனவராக எழுந்தே நின்றுவிட்டார். தலைவர் ஒரு கணம் வெளிறிப்போனார். மறுகணம் மைக்கைப் பிடித்துவிட்டார். இருபத்தைந்து ஆண்டு விரதத்தை ஆபீசர் நம் சங்கத்தின் கையால் முடித்துக்கொண்டார், இதைவிடப் பெரிய கௌரவம் இந்தச் சந்தைக்கு உண்டா என்று அவர் தழுதழுத்ததும் கைதட்டலில் பந்தல் ஆடியது. முன்வரிசையில் மனைவியும் கை வலிக்கத் தட்டினாள். மற்றவர்கள் எதற்காகத் தட்டினார்கள் என்பது அவளுக்கு அக்கறையில்லை. நிமிர்ந்த கழுத்துக்காக அவள் தட்டினாள்.

அந்த வாரமே வருஷாந்திரச் சோதனை தொடங்கியது. முன்பெல்லாம் ஆபீசர் கடைக்குள் நுழைந்தால் உட்கார மாட்டார். நின்றபடியே எடைக்கல்லை வைப்பார், முள்ளைப் பார்ப்பார், முத்திரை குத்துவார் அல்லது தராசைப் பூட்டிவைப்பார். இப்போது தேநீர் வந்தது. நின்றுகொண்டு குடித்தால் மரியாதையில்லை என்று நாற்காலி வந்தது. உட்கார்ந்தால் பேசாமல் இருக்க முடியுமா, பேச்சு வந்தது. வீட்டுக்கு வரும்போது ஆபீசருக்குச் சந்தையின் குடும்ப விவரங்கள் அத்தனையும் தெரிந்திருந்தன. மாவுக் கடைக்காரருக்கு இடுப்பு வலி. தலைவரின் மருமகன் தங்கமான பையன். இவ்வளவு நல்லவர்களை இருபத்தைந்து வருஷம் நிற்க வைத்தே பார்த்துவிட்டேனே என்று வருத்தப்பட்டார். கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. அறுவைக்குப் பிறகு காய்ச்சல் வரவே இல்லை. நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று படம் பார்த்து டாக்டர் சொல்லியிருந்தாள்.

சந்தோஷத்தில் அவளுக்கு, தேதியைத் தள்ளிவைத்த தலைவரை நேரில் பார்த்து நன்றி சொல்லத் தோன்றியது. போனாள். சொன்னாள். தலைவர் நெகிழ்ந்துபோய்த் தம் கையாலேயே அவளுக்கு ஒரு கிலோ வெங்காயம் நிறுத்துக் கொடுத்தார். தராசில் இந்த வருஷத்து முத்திரை பளபளவென்று இருந்தது.

வீட்டுக்கு வந்து, எதற்கென்றில்லாமல், ஆபீசரின் மேஜைமேல் இருந்த வெள்ளித் தராசில் ஒரு தட்டில் பையையும் இன்னொரு தட்டில் அவருடைய எடைக்கற்களையும் வைத்துப் பார்த்தாள்.

தொள்ளாயிரம் கிராம் இருந்தது.